மட்கலமும் மறைபொருளும்

தொழில் இரகசியம் என்றொரு சொல் நம்மிடையே வழங்குகிறது. தந்தை மகனுக்கும், ஆசான் தலைமாணாக்கனுக்கும் மட்டும் காதோடு காதாகச் சொல்லிச் செல்வது அது. மருத்துவத்திலும் வார்ப்புத் தொழிலிலும் சாயத் தொழிலிலும் அது இருந்தது. மண்பாண்டத் தொழிலிலோ உலகெங்கும் வேரூன்றி நின்றது. கலத்தின் மேற்பூச்சில் எந்தப் பொருள் எவ்வளவு சேர்கிறது என்பதை மறைத்து வைப்பதே பிழைப்புக்குக் காவல் என்று பல நாட்டுக் குயவரும் நம்பினர்.

இன்று இந்தியப் பெருநகரங்களில் சிறு மட்பாண்டப் பட்டறைகள் பல தோன்றியுள்ளன. உழைப்பவர் ஒருவர் அல்லது இருவர், ஒரு சக்கரம், ஒரு மின்சூளை அல்லது எரிவாயுச் சூளை. இவ்வளவே அவர்தம் முதல். இவர்களுள் சிலர் தம் செய்முறைகளை மறைப்பதில்லை. மாதந்தோறும் ஆதரவாளரிடம் சிறு சந்தா பெற்றுக்கொண்டு, மண் கலவை, மேற்பூச்சுக் கலவை, சூளையின் வெப்பக் கணக்கு முதலியவற்றை எழுதி அனுப்புகின்றனர். சூளை திறக்கும் நாளில் அழைத்தும் காட்டுகின்றனர். இது விவேகமா, அன்றி வீண் தாராளமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரசாயனம் பயிலும் மாணவன் ஆதலின், மண்ணுக்குள் நிகழ்வது என்ன என்பதையும் உடன் கூறுகின்றேன். அதனை அறிந்தால்தான் வினாவுக்கு விடை கிடைக்கும்.

மறைத்தவரும் உரைத்தவரும்

சீனத்து வெண்பீங்கான் ஐரோப்பாவில் பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பொன் செய்து தருவதாகச் சொல்லித் திரிந்த பெட்கர் என்னும் இளைஞனைச் சாக்சனி நாட்டு மன்னன் அகஸ்டஸ் பிடித்துக் காவலில் வைத்தான். பொன் வரவில்லை. ஆயினும் சிர்ன்ஹௌஸ் என்னும் அறிஞரோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியின் பயனாக, 1708-ஆம் ஆண்டளவில் பீங்கான் வந்தது. 1710-இல் மைசன் நகரில் தொழிற்சாலை எழுந்தது. கோட்டைக்குள் சூளை, வாயிலில் காவல், வாயைத் திறந்தால் தண்டனை. விளைவு என்ன? பத்தாண்டு நிறைவதற்குள் வேலையாட்கள் சிலர் வழியாக இரகசியம் வியன்னா நகருக்குச் சென்றுவிட்டது. அதே காலத்தில், 1712-இல், சீனத்துப் பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னில் தாம் கண்டவற்றைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் நீண்ட கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கோட்டைச் சுவரால் காக்க முடியாத பொருளை மௌனத்தால் காக்க முடியுமா?

இரகசியம் கசிவது ஒரு வகை முடிவு. கசியாமலே மாண்டுபோவது மற்றொரு வகை. இரண்டாவதே கொடியது. அதற்கு நாம் இப்போது வாழும் தில்லி நகரமே சான்று.

தில்லியில் நீல மெருகுக் கலம் செய்யும் பட்டாணியர் குடும்பங்கள் முன்பு இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழில் அருகிவிட்டது. நிலவியல் பயின்ற குருசரண் சிங் என்னும் இளைஞர் தில்லியில் மண்பாண்டத் தொழிலில் சேர்ந்தபோது, அவ்வரிசையின் கடைசிக் கைவினைஞர்களுள் ஒருவரான அப்துல்லாவைக் கண்டு அவரிடம் பயின்றார். 1919-இல் ஜப்பான் சென்று மட்கலைக் கல்வி பெற்றார். அங்கே பெர்னார்டு லீச், ஹமாடா, யானகி முதலியோரின் நட்பும் வாய்த்தது. 1952-இல் தில்லியில் தம் பட்டறையை நிறுவினார். அப்பட்டறையில் பயின்று வெளிவந்தோர் பலர். பின்னர் இமாசலத்தின் அந்திரெட்டா சிற்றூரிலும் அவர் மகனார் பட்டறை அமைத்து மாணவர்க்குப் பயிற்சி அளிக்கலானார். குருசரண் சிங் 1995-இல் மறைந்தார். இந்தியாவில் தனி மனிதர் நடத்தும் மட்கலைப் பட்டறை என்னும் வழக்கத்திற்கு அவரையே முன்னோடியாகக் கூறுவர். அப்துல்லா வாய் திறவாதிருந்தால் இவ்வரலாற்றில் ஒரு பெரும் பகுதி தொடங்கியே இராது.

ஜெய்ப்பூரிலும் இதே நிலைதான். அங்குள்ள நீலக் கலத்தில் களிமண் இல்லை. படிகக்கல் தூளும் கண்ணாடித் தூளும் முல்தானி மண்ணும் பசையும் சேர்த்துப் பிசைந்த கலவையே உடல். இத்தொழில் ஏறக்குறைய அற்றுப்போன நிலையில், ஓவியரான கிருபால் சிங் ஷெகாவத் அதனை மீட்டெடுத்தார். கமலாதேவி சட்டோபாத்தியாயர் அவருக்கு ஊக்கமளித்தார். ஷெகாவத் 2008-இல் மறையும் வரை பலருக்கும் கற்பித்தார். இன்று ஜெய்ப்பூர்க் கடைகளில் நாம் காணும் நீலத் தட்டுகள், ஒருவர் மறைக்காமல் உரைத்ததனால் பிழைத்தவை.

மண்ணுக்குள் நிகழ்வது

செய்முறையைச் சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடுமா என்பதை அறிய, செய்முறை என்பது யாது என்று முதலில் காண்போம்.

களிமண்ணின் துகள் மிக நுண்ணிய தகடு போன்றது. தகடுகளுக்கு இடையே நீர் நின்று, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவுகிறது. சக்கரத்தில் மண் விரலுக்கு இசைவது இதனாலேதான். கலம் காயும்போது இடைநீர் வெளியேறுகிறது, தகடுகள் நெருங்குகின்றன, கலம் சுருங்குகிறது. விளிம்பு முன்னும் அடி பின்னும் காய்ந்தால் சுருக்கமும் முன்பின்னாகும், விரிசல் விழும். கிண்ணத்தின் கைப்பிடி ஒட்டிய இடத்தில் பிளப்பதற்கும் இதுவே காரணம். மெல்லிய பிடி விரைந்து காயும். தடித்த உடல் மெல்லக் காயும். ஆகவே ஈரத்துணி போர்த்தி இரண்டையும் ஒரே வேகத்தில் காயவைக்க வேண்டும்.

காய்ந்த கலத்தைச் சூளையில் ஏற்றினால் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, எஞ்சிய ஈரம் 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி ஆவியாதல். வெப்பத்தை விரைந்து ஏற்றினால் ஆவி வெளியேற வழியின்றிக் கலம் வெடிக்கும். இரண்டாவது, களிமண்ணின் அணுக்கட்டிலேயே பிணைந்துள்ள நீர் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் நீங்குதல். தூய சீனக் களிமண் 100 கிராமில் இவ்வாறு நீங்குவது சுமார் 14 கிராம். இது நீங்கியபின் கலத்தைத் தண்ணீரில் ஊறவைத்தாலும் அது மீண்டும் சேறாகாது. பச்சை மண் சுட்ட மண்ணாக மாறும் எல்லை இதுவே. மூன்றாவது, 573 டிகிரியில் படிகக்கல்லின் அணு அமைப்பு சட்டென மாறிப் பருமன் கூடுதல். சூடு இறங்கும்போது அதே இடத்தில் பருமன் குறையும். அந்த எல்லையை அவசரமாகக் கடந்தால் கலம் கீறிவிடும். சூளையை ஆவலோடு முன்னதாகத் திறப்போர் பலர் கெடுவது இங்கேதான்.

ஐயனார் கோயில்களில் நிற்கும் பெரிய மண்குதிரைகளை நாம் கண்டிருக்கிறோம். அவற்றைச் செய்யும் வேளார் களிமண்ணோடு மணலும் உமியும் கலப்பர். காரணம் இப்போது விளங்கும். மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அத்துளைகள் வழியே ஆவி வெளியேறுகிறது. தடித்த உடல் வெடிக்காமல் நிற்கிறது. ஆராய்ச்சிக்கூடம் காணாத அக்கைகள் பல தலைமுறையாகச் செய்துவரும் செயலுக்கு நம் பாடநூலில் விளக்கம் இருக்கிறது. ஆனால் நாம் அவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை.

நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று

இனி மேற்பூச்சு. கலத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் படலத்தை இங்கே மெருகு என்போம். பட்டறைகளில் கிளேஸ் என்றே வழங்குவர். நம் வீட்டு மண்பானை மெருகற்றது, நுண்துளை உடையது. ஆதலால் நீர் கசிந்து ஆவியாகிப் பானை குளிர்கிறது. ஊறுகாய் ஜாடியோ உயர்ந்த வெப்பத்தில் வெந்து மெருகேறியது. உப்பும் எண்ணெயும் அதனுள் ஊறுவதில்லை.

பெர்னார்டு லீச் ஜப்பானில் ஆறாம் கென்சான் என்னும் முதிய குயவரிடம் பயின்றவர். அம்மரபின் செய்முறைக் குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன. 1920-இல் ஹமாடாவுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை தொடங்கினார். தாம் கற்றவற்றை 1940-இல் நூலாகவே வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் மெருகு ஒன்றைக் குயவர் உலகம் முழுதும் அறியும். ஃபெல்ஸ்பார் 4 பங்கு, படிகக்கல் தூள் 3 பங்கு, சீமைச்சுண்ணாம்பு 2 பங்கு, சீனக் களிமண் 1 பங்கு. எல்லாம் எடைக் கணக்கு. 2000 கிராம் கலவை வேண்டுமாயின் முறையே 800, 600, 400, 200 கிராம். நீரில் கரைத்துச் சலித்து, முதற்சூடு கண்ட கலத்தை அதில் தோய்த்து, ஏறத்தாழ 1280 டிகிரியில் சுட வேண்டும்.

இக்கலவை ஏன் உருகுகிறது? படிகக்கல் தனியே உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தைச் சிறு சூளை தாங்காது. ஃபெல்ஸ்பாரில் உள்ள பொட்டாஷும், சுண்ணாம்பும் சேர்ந்து உருகுநிலையைத் தாழ்த்துகின்றன. வெறும் கண்ணாடி உருகிக் கீழே வழிந்துவிடும். களிமண்ணில் உள்ள அலுமினா அதனை இறுக்கிக் கலத்தின்மேல் நிறுத்துகிறது. சீமைச்சுண்ணாம்பு சூட்டில் கரியமிலவாயுவை இழக்கிறது. 100 கிராமில் 56 கிராமே சுண்ணாம்பாக நிற்கும். மெருகுக் கணக்குப் போடுவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

இதே கலவையில் நூற்றுக்கு 1 பங்கு இரும்பு ஆக்சைடு சேர்த்து, சூளையில் காற்றைக் குறைத்துப் புகைச்சூழலில் சுட்டால் இளம்பச்சை நிறம் வரும். காற்று நிறைந்த சூழலில் சுட்டால் வைக்கோல் நிறமே வரும். 8 அல்லது 10 பங்கு சேர்த்தால் கருமை கலந்த பழுப்பு வரும். பொருள் ஒன்றே; அளவும் சூழலும் வேறு. பிராணவாயு குறைந்த இடத்தில் இரும்பு ஒரு வகை ஆக்சைடாகவும், நிறைந்த இடத்தில் வேறு வகையாகவும் நிற்பதே காரணம். ஆதிச்சநல்லூரில் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே மண், உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகவில்லை என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சூளையின் காற்றை ஆளும் கலை தமிழகத்துக்குப் புதிதன்று.

நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்னும் இக்கணக்கை மனப்பாடம் செய்ய அரை நிமிடம் போதும். ஆயினும் இதனை அறிந்த குயவர் அனைவரும் ஒரே கலத்தையா செய்கின்றனர்? இல்லை. ஒருவர் மண்ணில் இரும்பு மிகுதி. ஒருவர் மெருகைத் தடித்துப் பூசுவார். ஒருவர் சூளை மெல்லக் குளிரும். ஒருவர் கை விளிம்பை மடக்கும் விதமே வேறு. செய்முறை பொதுச்சொத்து, கை தனிச்சொத்து. செய்முறையைக் கொடுத்தவர் கையைக் கொடுத்துவிடவில்லை. இதுவே நம் வினாவுக்கு முதல் விடை.

பட்டறைக் கணக்கு

கலை என்று மட்டும் பேசினால் பட்டறை நடவாது. கணக்கும் வேண்டும்.

முதலில் சுருக்கக் கணக்கு. ஒரு மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நீளத்தில் நூற்றுக்கு 12 சுருங்குகிறது என்று கொள்வோம். 10 சென்டிமீட்டர் உயரக் கிண்ணம் வேண்டுமாயின், 10-ஐ 0.88-ஆல் வகுத்து, ஏறத்தாழ 11.4 சென்டிமீட்டர் உயரத்தில் வனைய வேண்டும். கொள்ளளவில் வேறுபாடு இன்னும் பெரிது. 0.88-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.68 வரும். அதாவது கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 200 மில்லிலிட்டர் தேநீர் பிடிக்கும் கிண்ணம் ஈரத்தில் சுமார் 294 மில்லிலிட்டர் பிடிக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை அறியாமையால் கடைக்காரர் கேட்ட அளவைத் தர முடியாமல் திண்டாடும் புதியவர் பலர்.

அடுத்தது இழப்புக் கணக்கு. ஒரு சூளையில் 100 கிண்ணம் ஏறுகிறது. 20 கிண்ணம் கீறியும் ஒட்டியும் கெடுகிறது என்க. மண், மெருகு, மின்சாரம், உழைப்பு ஆகிய அனைத்தும் 100-க்கும் செலவாயின. வரவோ 80-இலிருந்துதான். ஒரு கிண்ணத்தின் அடக்கவிலை நூற்றுக்கு 25 கூடிவிடுகிறது. இழப்பை 20-இலிருந்து 10-ஆகக் குறைத்தால் அடக்கவிலை ஏற்றம் 11-ஆகக் குறையும். ஆகவே புது அழகு ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிடப் பழைய பிழை ஒன்றைக் களைவது பட்டறைக்கு அதிக வருவாய் தரும். பிழையைக் களைய வழி யாது? சோதனைத் துண்டும் குறிப்பேடும். மண்ணில் சிறு சிறு துண்டுகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் அளவை மட்டும் சிறிது மாற்றி, எண்ணிட்டு, ஒவ்வொரு சூளையிலும் வைத்துச் சுட வேண்டும். நம் ஆராய்ச்சிக்கூட முறையும் இதுவே அன்றோ?

மூன்றாவது பணவோட்டக் கணக்கு. கலம் வனைந்து, காய்ந்து, இருமுறை சூடு கண்டு, விற்று, காசாக வாரங்கள் பல ஆகும். வாடகையும் மின்கட்டணமும் அதுவரை காத்திரா. ஆதரவாளரின் சந்தா இந்த இடைவெளியை நிரப்புகிறது. பெருந்தனக்காரர் ஒருவரை நம்பியிராமல், பலர் தரும் சிறு தொகையை நம்பியிருப்பது பட்டறைக்குப் பாதுகாப்பும் ஆகும். ஆனால் ஆதரவாளர் அளிப்பது இரவலன்று. அதற்கு ஈடு வேண்டும். அந்த ஈடுதான் அறிவு.

எதனைச் சொல்வது?

ஆதரவாளர் மூவகையினர். கலம் வாங்கிப் பயன்படுத்துவோர் ஒரு வகை. கற்க விழைவோர் மற்றொரு வகை. தாமும் பட்டறை நடத்துவோர் மூன்றாம் வகை. மூவருக்கும் ஒன்றையே அனுப்புவது பயன் தராது.

பயன்படுத்துவோருக்குக் கலத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். குளிர்ந்த கிண்ணத்தில் கொதிநீரைத் திடீரென ஊற்றலாமா, புளித்த பண்டம் வைக்கலாமா, விலை ஏன் இவ்வளவு என்பன அவர்க்குரியவை. கற்போருக்குக் கையின் வேலையைச் சொல்ல வேண்டும். மண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழை நீக்குவது, சக்கரத்தின் நடுவில் நிறுத்துவது, மெல்லக் காயவைப்பது முதலியன அவை. தொழில் செய்வோருக்குச் செய்முறையை முழுமையாகச் சொல்ல வேண்டும். முழுமையாக என்பதை அழுத்திக் கூறுகின்றேன். அளவுப் பட்டியல் மட்டும் செய்முறையன்று. எந்த மண்மேல் பூசியது, எவ்வளவு தடிப்பு, முதற்சூடு எத்தனை டிகிரி, உச்ச வெப்பம் எவ்வளவு, காற்று நிறைந்த சூழலா புகைச்சூழலா, எத்தனை மணி நேரத்தில் குளிர்ந்தது, எத்தனை கலம் கெட்டது என்னும் ஏழும் சேர்ந்தால்தான் அது செய்முறை.

உச்ச வெப்பத்தைக் குறிப்பதிலும் நுட்பம் உண்டு. ஒரே வெப்பநிலைக்கு விரைந்து ஏறிய சூளையும் மெல்ல ஏறிய சூளையும் ஒன்றல்ல. மெல்ல ஏறியதில் மண் அதிகம் வெந்திருக்கும். ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் செகர் 1886-இல் ஒரு வழி கண்டார். மெருகுக்குரிய பொருள்களாலேயே சிறு கூம்புகள் செய்து, சூளைக்குள் கலங்களோடு நிறுத்தினார். வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்த வேலைக்கு ஏற்பக் கூம்பு வளைந்து தலை தாழ்த்தும். இன்றும் குயவர்கள் 1280 டிகிரி என்பதைவிட இன்ன எண் கூம்பு வளைந்தது என்று சொல்வதையே நம்புகின்றனர். செகர் தம் முறையை உலகறிய வெளியிட்டார். அதனால்தான் ஒரு நாட்டுக் குயவர் எழுதியதை மற்றொரு நாட்டுக் குயவர் தம் சூளையில் செய்து பார்க்க இயல்கிறது.

காரணத்தோடு சொல்வதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மெருகில் மயிரிழை போன்ற வலைக்கீறல் விழுகிறது என்க. குளிரும்போது மெருகு உடலைவிட மிகுதியாகச் சுருங்கியதே காரணம். காரணம் தெரிந்தவர் மெருகில் படிகக்கல் தூளைச் சிறிது கூட்டுவார், சுருக்கம் குறையும். பட்டியல் மட்டும் அறிந்தவர் வேறொரு பட்டியலைத் தேடி அலைவார். அதுபோலவே, கடையில் படிகக்கல் தூள் கிடைக்காத ஊரில் உமிச்சாம்பலை எடுத்துச் சோதிக்கலாம் என்பதும் காரணம் அறிந்தவருக்கே தோன்றும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே ஆகும். விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் உண்டு. நெல் விளையும் நாட்டில் பிறந்த நமக்கு இச்செய்தி உவகை தரும்.

மறைக்கவே கூடாதது

விருப்பம் போல் சொல்லலாம், விடலாம் என்று கூற முடியாத செய்திகளும் உண்டு. அவை உயிர் பற்றியன.

படிகக்கல் தூளும் களிமண் தூளும் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கினால், ஆண்டுகள் பல கழித்து மூச்சை அடைக்கும் சிலிக்கா நோய் வரும். வந்தபின் குணப்படுத்த இயலாது. வருமுன் தடுப்பது எளிது. பட்டறைத் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூளை அளந்து கலக்கும்போது நுண்தூளைத் தடுக்கும் முகமூடி வேண்டும், கைக்குட்டை போதாது. சூளை வைத்திருக்கும் அறையில் புகையும் வாயுவும் வெளியேற வழி வேண்டும்.

ஈயம் கலந்த மெருகு குறைந்த வெப்பத்திலேயே பளபளக்கும். அதனால் அதனை நாடுவோர் உண்டு. அத்தகைய பாத்திரத்தில் புளிக்குழம்போ தயிரோ ஊறுகாயோ வைத்தால், அதன் புளிப்பு ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெருந்தீங்கு. அழகிய நிறத்தின் கலவையை மறைப்பவர் தம் தொழிலைக் காப்பதாக எண்ணலாம். ஆனால் அக்கலவையில் ஈயம் இருப்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறார். உண்ணும் கலத்தில் பூசியது யாது என்று கேட்பது வாங்குவோரின் உரிமை. இந்த ஒன்றே போதும், மறைபொருள் என்னும் கொள்கை மட்கலத்துக்குப் பொருந்தாது என்பதைக் காட்ட.

யாரிடம் கற்றோம்?

எதிர்வாதம் ஒன்றை இங்கே கருத வேண்டும். செய்முறையைப் பரப்பினால் பெரிய ஆலைகள் அதனைக் கவர்ந்து, மலிவாகச் செய்து, சிறு பட்டறையை நசுக்கிவிடாவா? வடிவத்தையும் சித்திரத்தையும் திருடுவோர் உண்டு என்பது உண்மையே. அதற்குச் செய்முறையை மறைப்பது மருந்தாகாது. ஆலையின் ஆராய்ச்சிக்கூடம் ஒரு கலத்தின் துண்டைக் கொண்டே மெருகில் உள்ள பொருள்களைக் கண்டுபிடித்துவிடும். மறைப்பு ஆலையைத் தடுப்பதில்லை. வழியில்லாத சிறு குயவரை மட்டுமே தடுக்கிறது.

புதுச்சேரியைப் பாருங்கள். 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ்' என்னும் பட்டறையைத் தொடங்கினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்து பயின்றனர். அங்கே வேலை செய்த உள்ளூர்த் தொழிலாளருள் சிலரும் பின்னர்த் தாமே பட்டறை அமைத்தனர். தாய்ப் பட்டறை அதனால் அழிந்துவிடவில்லை. புதுச்சேரி என்றாலே மட்கலம் நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு மங்குவதில்லை.

ஆயினும் பகிர்தல் ஒருவழிப் பாதையாக இருக்கலாகாது. தில்லியின் மேற்கே உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு நாம் வாங்கும் அகல்களில் பல அங்கே பிறந்தவை. அங்குச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் வெந்த குடத்தை விரல்கணுவால் தட்டி, ஓசையைக் கொண்டே கீறல் உண்டா இல்லையா என்று சொல்வதைக் கண்டேன். நகரத்துப் பட்டறையினர் சிலர் இத்தகையோரிடம் கற்றுவந்து, வாரவிடுமுறைப் பயிற்சி என்று கட்டணம் வாங்கிக் கற்பிக்கின்றனர். சந்தா நகரத்தவருக்கு, பெயரும் நகரத்தவருக்கு. கற்றுக்கொடுத்த முதியவருக்கு என்ன கிடைத்தது? கற்றவர் எவரிடம் கற்றார் என்பதை அவர் இசைவோடு பெயர் சொல்லிக் குறிப்பதும், வரவில் ஒரு பங்கை அளிப்பதும், சிலிக்கா நோய் பற்றியும் கூம்பு பற்றியும் அவர் மொழியில் அவருக்குச் சொல்வதும் பகிர்தலின் மறுபாதி. அப்பாதி இல்லாத பகிர்தல் நாகரிகமான பறித்தலே ஆகும்.

தமிழ் மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பணி உண்டு. நம் ஊர்க் குயவரின் அறிவு பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். செல்வதில் குற்றமில்லை, ஆனால் அவர்களோடு அறிவும் போய்விடலாகாது. பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பானை வாங்கும் இடத்தில் சிறிது நேரம் அமருங்கள். மண் எந்தக் குளத்திலிருந்து வருகிறது, மணல் எவ்வளவு சேர்க்கிறார், எத்தனை நாள் காயவைக்கிறார், சூளைக்கு விறகா வறட்டியா வைக்கோலா, எத்தனை நாழிகை எரிக்கிறார், வெந்தது என்று எதனால் அறிகிறார் என்னும் ஆறு வினாக்களைக் கேட்டு, அவர் சொற்களாலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதன் படி ஒன்றை அவரிடமே கொடுங்கள். மற்றொரு படியை நம் சங்க நூலகத்துக்கு அளியுங்கள். இரசாயனமும் பௌதிகமும் பயில்வோர் கூடி அமர்ந்து, ஒவ்வொரு விடைக்கும் உரிய காரணத்தை அதன் எதிரே எழுதுவோம்.